பக்கத்து வாடகை வீட்டுச் சத்தம்: யாரிடம் போய்ச் சொல்வது?



கொஞ்சம் நீண்ட பதிவு. நமதூரில் பலருடைய தூக்கத்தோடும் பிள்ளைகளின் படிப்போடும் சம்பந்தப்பட்ட விசயம் என்பதால் பொறுமையாக வாசியுங்கள்.

காத்தான்குடி, ஏறாவூர் என்று வாவிக்கரையில் இருக்கும் நமது ஊர்களில் இப்போது அடிக்கடி காதில் விழும் முறைப்பாடு ஒன்று. ஒரு குடும்பம் நகையை விற்று, சீட்டுப் பிடித்து, வெளிநாட்டில் உழைத்த காசையும் சேர்த்து ஒரு வீடு வாங்குகிறது. உறுதி எழுதி, துஆ ஓதிக் குடிவந்து ஒரு மாதம் போகவில்லை. பக்கத்து வீடு கீழே ஒன்று, மேலே இரண்டு என்று பிரித்து வாடகைக்கு விடப்பட்டிருப்பது அப்போதுதான் காதுக்குத் தெரிகிறது. இரவு பதினொரு மணிக்கு கேற் திறக்கும் சத்தம். பன்னிரண்டு மணிக்கு மேல்மாடியில் கதிரை இழுக்கும் சத்தம். அதிகாலை நான்கு மணிக்கு தண்ணி மோட்டார். "வாடகை வீடென்றால் மாறிப் போகலாம், இது சொந்த வீடு, எங்க போற?" என்று அந்தக் குடும்பம் கேட்கிறது. கேள்வி நியாயமானது.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வாடகைக்கு இருப்பவரைக் குற்றவாளியாக்கி, கையெழுத்துச் சேர்த்து மனுக் கொடுத்து அவரை எழுப்பி அனுப்புவது இதற்குத் தீர்வல்ல. முதல் பொறுப்பு வீட்டைப் பிரித்து வாடகைக்கு விட்டவருக்கு. அடுத்த பொறுப்பு, ஒரு சலாம்கூடச் சொல்லாமல் மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்து கோபப்படுகிறவருக்கு. வாடகைக்கு இருப்பவரின் பொறுப்பு மூன்றாவதாகத்தான் வரும். ஏன் இப்படிச் சொல்கிறோம் என்பதைக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறோம்.

முதலில், நமது வீடுகள் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டு நிற்கின்றன என்று பார்ப்போம்.

காத்தான்குடிக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவில் உள்ள ஒடுங்கிய மணல் நிலத்தில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்கிறோம். 1990இல் சுற்றுக் கிராமங்களில் இருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களும் இதே நிலத்துக்குள்தான் ஒதுங்கினார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கிழக்கில் கடலில் இருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசாங்கம் கொஞ்சக் காலம் ஒரு தடை வைத்திருந்தது. அப்போதும் ஆட்கள் உள்ளே உள்ளேதான் நெருங்க வேண்டியிருந்தது. நிலம் கூடவில்லை, குடும்பங்கள் கூடின.

இதோடு நமது வழக்கமும் சேர்ந்தது. பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்க வேண்டும் என்பது மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் முஸ்லிம்களுக்கும் தமிழருக்கும் பொதுவான வழக்கம். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்து, 2008இல் வெளியிட்ட பெரிய நூலில் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவர் எழுதியது நமக்குப் புதிதல்ல. மூத்த மகளுக்குக் கல்யாணம் முடிந்தால் இருந்த வீடு அவளுக்கு. உம்மாவும் வாப்பாவும் அதே வளவில் இன்னொரு வீடு கட்டி மற்றப் பிள்ளைகளோடு ஒதுங்குவார்கள். இளையவளுக்கு முடிந்தால் அந்த வீடு அவளுக்கு. இப்படி இருபது பேர்ச் வளவு மூன்று மகள்மாருக்குப் பிரிந்து ஆளுக்கு ஆறேழு பேர்ச் ஆனது. ராத்தாவின் குசினிச் சுவர்தான் தங்கச்சியின் அறைச் சுவர். செலவைப் பார்த்து மெல்லிய புளொக் கல்லில் எழுப்பிய சுவர். கூரைக்குக் கீழே இருக்கும் முக்கோணத்தை அடைக்காமல் விட்டது. காற்று வர வேண்டும் என்று ஓட்டைக் கல் வைத்தது. சீலிங் இல்லை.

அந்தக் காலத்தில் இது குறையாகத் தெரியவில்லை. ராத்தாவின் பிள்ளை இரவில் வீரிட்டு அழுதால் இந்தப் பக்கம் இருந்தே "என்ன புள்ளைக்கி?" என்று கேட்க முடிந்தது. மச்சான் ரேடியோவைக் கூட்டி வைத்தால் ஒரு சத்தம் போட்டால் குறைப்பார். கைத்தறிச் சத்தத்துக்கு நடுவில் பிறந்து வளர்ந்த தலைமுறை அது. வீட்டுக்கு வீடு சத்தம் போனது, ஆனால் அது நம் ஆட்களின் சத்தம்.

இன்று அந்த மூன்று வீட்டில் ஒன்றை விற்றாகிவிட்டது. இன்னொன்றின் சொந்தக்காரர் கட்டாரிலோ கொழும்பிலோ இருக்கிறார். அதற்கு மேலே ஒரு மாடி எழும்பி, அறை அறையாக வாடகைக்குப் போயிருக்கிறது. சுவர் அதே சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மட்டும் ராத்தா அல்ல, பெயர்கூடத் தெரியாத ஒருவர். சொந்தக்காரரின் சத்தத்தைத் தாங்கக் கட்டிய வீடுகளுக்குள் அறிமுகமில்லாதவர்கள் குடியிருக்கிறோம். பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது. அதனால் வழியும் இரண்டுதான். ஒன்று, சுவரைத் திருத்த வேண்டும். மற்றது, சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் உறவை உண்டாக்க வேண்டும். நாங்கள் சொல்வது, இரண்டையும் செய்ய வேண்டும் என்பது.

வாடகைக்கு இருப்பவர்கள் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். பலர் "வெளியூர் ஆக்கள்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். வைத்தியசாலையில் இரவு வேலை செய்து வருகிறவர்கள், பேக்கரியிலும் கடைகளிலும் நிற்கும் இளைஞர்கள், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள், தங்கள் வீடு இன்னும் கட்டி முடியாததால் தற்காலிகமாக இருக்கும் நமதூர்க் குடும்பங்கள் என்று எல்லோரும் அதில் இருக்கிறார்கள். ஒரு அறைக்குள் நாலு பேர் இருந்தால் சத்தம் வரத்தான் செய்யும். நாலு பேரை அந்த அறைக்குள் வைத்து ஆளுக்கு இவ்வளவு என்று வாடகை எடுப்பவர் யார் என்று கேட்க வேண்டாமா?

ஆசிரியர்கள் என்ற வகையில் இந்த விசயத்தை நாங்கள் சிறிதாக எடுக்க முடியாததற்குக் காரணம் இருக்கிறது.

1973இல் ஷெல்டன் கோஹன், டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற மூன்று ஆய்வாளர்கள் நியூயோர்க்கில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நெடுஞ்சாலைக்கு மேலேயே கட்டப்பட்ட 32 மாடிக் குடியிருப்புகள் அவை. கீழ் மாடிகளில் வாகனச் சத்தம் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. கீழ் மாடிகளில் பல வருடங்கள் வாழ்ந்த பிள்ளைகள், ஒலியில் நெருங்கிய சொற்களைப் பிரித்துக் கேட்பதில் மேல் மாடிப் பிள்ளைகளை விடப் பின்தங்கியிருந்தார்கள். வாசிப்பிலும் பின்தங்கியிருந்தார்கள். ஓயாத சத்தத்துக்குள் வளரும் பிள்ளை காதை மூடிக்கொள்ளப் பழகுகிறது. பிறகு பேச்சைக் கூர்ந்து கேட்கவும் தவறுகிறது என்பது அவர்களின் விளக்கம். ழகரம், ளகரம், லகரம் என்று வேறுபாடு படிக்க வேண்டிய நம் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்று வகுப்பறையில் நிற்பவர்களுக்குத் தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டலில் தூங்கும் அறைக்குள் 30 டெசிபலும், வகுப்பறைக்குள் 35 டெசிபலும் போதும் என்று சொல்லியிருக்கிறது. இரண்டு பேர் சாதாரணமாகப் பேசுவதே 60 டெசிபல் அளவில் வரும். அப்படியானால் மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் போனில் பேசினாலே இந்தப் பக்கம் தரம் ஐந்து பிள்ளையின் தூக்கமோ, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் கவனமோ கலையலாம். அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை.

இன்னொரு ஆராய்ச்சியும் சொல்ல வேண்டும். அதே கிளாஸும் சிங்கரும் செய்த ஒரு சோதனையில், ஒரு குழுவைச் சத்தத்துக்குள் இருத்தி வேலை கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கும் அதே சத்தம்தான், ஆனால் அவர்களுக்கு ஒரு பொத்தான் கொடுத்து, தாங்க முடியாவிட்டால் அமத்துங்கள், சத்தம் நிற்கும் என்றார்கள். பெரும்பாலும் யாரும் அமத்தவில்லை. இருந்தும் பொத்தான் கையில் இருந்தவர்கள், பிறகு கொடுத்த வேலையில் குறைவாகப் பிழை விட்டார்கள், கஷ்டமான கணக்கை நீண்ட நேரம் விடாமல் முயன்றார்கள். சத்தத்தின் அளவு மட்டும் மனிதனைக் களைப்பாக்குவதில்லை. "இதற்கு நான் ஒன்றும் செய்ய ஏலாது" என்ற நினைப்பு அதை விடக் களைப்பாக்குகிறது.

நமக்கு அந்தப் பொத்தான் எது? பக்கத்து வீட்டாரின் போன் நம்பர். "தம்பி, மகளுக்கு நாளைக்குச் சோதனை, கொஞ்சம் குறைங்களன்" என்று சொல்லக்கூடிய ஓர் அறிமுகம். அது இருந்தால், அதே சத்தம் கேட்டாலும் தூங்கலாம்.

மார்க்கம் சொல்வதும் இதைத்தான். ஸூரா அன்னிஸாவின் 36ஆவது வசனத்தில் அல்லாஹ், உறவினரான அண்டை வீட்டாருக்கும் உறவில்லாத அண்டை வீட்டாருக்கும் நன்மை செய்யச் சொல்கிறான். இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறான் என்பதைக் கவனியுங்கள். வளவுக்குள் ராத்தா இருந்த காலத்தில் முதலாவது நமக்கு இலேசாக இருந்தது. இப்போது இரண்டாவது வந்திருக்கிறது. வாடகைக்கு இருப்பவர் அண்டை வீட்டார் இல்லை என்று எங்கும் சொல்லப்படவில்லை. உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது என்பதை வைத்து அண்டை வீட்டாரின் ஹக் கூடிக் குறைவதில்லை.

நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் இஃதிகாப் இருந்தபோது சிலர் சத்தமாகக் குர்ஆன் ஓதுவதைக் கேட்டு, திரையை விலக்கி, ஒவ்வொருவரும் தன் இறைவனோடு உரையாடுகிறீர்கள், ஒருவருக்கொருவர் தொல்லை கொடுக்காதீர்கள் என்ற கருத்தில் சொன்னதை அபூதாவூத் பதிவு செய்திருக்கிறார்கள். குர்ஆன் ஓதும் சத்தத்துக்கே இந்த ஒழுக்கம் என்றால் சவுண்ட் பொக்ஸுக்கு என்ன சட்டம் என்று விளக்கத் தேவையில்லை.

அதே நூலில் இன்னொரு சம்பவமும் உண்டு. அண்டை வீட்டாரின் தொல்லையை முறையிட்டு வந்தவரிடம் வீட்டுச் சாமான்களை வெளியே எடுத்துப் பாதையில் வைக்கச் சொன்னார்கள். போவோர் வருவோர் காரணம் கேட்டுத் தொல்லை கொடுத்தவரை ஏச, அவர் வெட்கப்பட்டு வந்து சமாதானமானார். இதைக் காட்டி, பக்கத்து வீட்டாரை வீடியோ எடுத்து முகநூலில் போடுவதை நியாயப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் முதலில் வந்தபோது போய்ப் பொறுமையாக இருக்கும்படி திருப்பி அனுப்பப்பட்டார். ஒரு தடவைக்கு மேல் வந்த பிறகுதான் அந்த வழி சொல்லப்பட்டது. அவர் வெளியே வைத்தது தன் சாமானை, அடுத்தவரின் முகத்தை அல்ல. இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

எங்கள் வீட்டு விசயத்தையும் சொல்கிறோம். நாங்கள் வாங்கிய வீட்டுக்குப் பக்கத்தில் மேல்மாடி வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது. ஐந்து இளைஞர்கள். நள்ளிரவு தாண்டி கேற், மோட்டார் சைக்கிள், பிறகு கதிரை. ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ஒரு தட்டில் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனோம். அன்று சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பெயர், ஊர், வேலை கேட்டோம். பேக்கரியில் வேலை, இரவு வேலை முடியத்தான் வருவார்களாம். அடுத்த கிழமை போய் மூன்றே மூன்று விசயம் சொன்னோம்: கேற், கதிரை, தண்ணி மோட்டார். "நீங்க சத்தம் போடுறீங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் கோபம்தான் வரும். "கதிரைக் காலுக்கு றப்பர் போடலாமா?" என்றால் பதில் சொல்ல இலேசு. அவர்களும் ஒன்று சொன்னார்கள். காலையில் எங்கள் வீட்டு மிக்ஸி சத்தம் அவர்கள் படுக்கிற அறைக்குள் அப்படியே கேட்கிறதாம். விடியற்காலையில் படுக்கிறவர்களுக்கு எங்கள் காலைதான் நடுஇரவு.

பழைய செருப்பை வெட்டிக் கதிரைக் கால்களுக்கு அடித்தார்கள். கேற் பிணைச்சலுக்கு எண்ணெய் போட்டார்கள். மோட்டாருக்கு அடியில் டயர்த் துண்டு வைத்து, இரவிலேயே தாங்கியை நிரப்பிவிடுகிறார்கள். நாங்கள் மிக்ஸியை மற்றப் பக்கத்து மேசைக்கு மாற்றினோம். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. விடுமுறை நாளில் கரம்போர்ட் அடிக்கும் சத்தம் இன்றும் கேட்கிறது. பத்தரை மணியானால் நிறுத்துகிறார்கள். அது வரை நாங்கள் பொறுக்கிறோம்.

அவர்களால் செய்ய முடியாதது ஒன்று இருந்தது. மாடிச் சுவர் கூரை வரை எழும்பவில்லை. அந்த இடைவெளியால் பேச்சுச் சத்தம் முழுவதும் வருகிறது. அதை அடைப்பது வாடகைக்கு இருப்பவரின் வேலையா? அவர் இன்று இருப்பார், அடுத்த மாதம் போவார். அது வீட்டுக்காரரின் வேலை. அவரைத் தொடர்புகொள்ளத்தான் மாதக்கணக்கானது. சத்தத்தைக் குறைக்க வேண்டியவர் சத்தம் கேட்காத தூரத்தில் இருக்கிறார். வாடகை மட்டும் மாதாமாதம் அவருக்குப் போகிறது. எங்கள் கதையில் மட்டுமல்ல, நாங்கள் கேட்ட எல்லாக் கதைகளிலும் இதுதான் நடக்கிறது.

அதனால் வாடகைக்கு விடும் சகோதர சகோதரிகளிடம் சில விசயங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

1. எத்தனை பேர் இருக்கலாம் என்பதை முதலே எழுதிக் கொடுங்கள். அறைக்கு இரண்டு பேர் என்று சொல்லி ஐந்து பேரிடம் காசு எடுக்காதீர்கள்.

2. இரவு 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை அமைதி என்று ஒரு வரி சேருங்கள். வேலை காரணமாக இரவில் வருகிறவர்களுக்கு எந்த வாசல், எந்தப் படி என்று பேசிவைக்கலாம்.

3. வாடகைக்கு விடுமுன் சுவரைக் கூரை வரை எழுப்புங்கள், பக்கத்து வீட்டுப் பக்கம் உள்ள ஓட்டைக் கல்லை அடைத்து வேறு பக்கம் காற்றுக்கு வழி விடுங்கள். சத்தம் காற்றோடு வருவது. காற்றுப் போகும் ஓட்டையை வைத்துக்கொண்டு சுவரை எவ்வளவு தடிப்பாகக் கட்டினாலும் பயன் குறைவு.

4. தண்ணி மோட்டார், ஜெனரேட்டர் இரண்டையும் பொதுச் சுவரில் இருந்து தள்ளி வையுங்கள்.

5. நீங்கள் ஊரில் இல்லை என்றால், ஊரில் இருக்கும் ஒருவரின் போன் நம்பரைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

வாடகை ஹலாலான வருமானம்தான். அதோடு பக்கத்து வீட்டாரின் ஹக்கும் சேர்ந்து வருகிறது.

வீடு வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுக்கு முன் அண்டை வீட்டாரைப் பார் என்று அரபிகளிடம் ஒரு பழமொழி உண்டு. நாம் உறுதி பார்க்கிறோம், எல்லை பார்க்கிறோம், கிணற்றுத் தண்ணீர் உப்பா என்று பார்க்கிறோம். எல்லாவற்றையும் பகலில் பார்க்கிறோம். இஷாவுக்குப் பிறகு ஒரு தடவை, சுபஹுக்கு முன் ஒரு தடவை அந்த ஒழுங்கையில் போய் நின்று பாருங்கள். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள், சொந்தக்காரர் எங்கே என்று கேளுங்கள். நீங்கள் வாங்கும் வீட்டிலேயே ஒரு பகுதியில் வாடகைக்கு ஆட்கள் இருந்தால், எழுத்து முடிந்தவுடன் அவர்களை எழுப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். நமது நாட்டில் இன்னும் நடைமுறையில் உள்ள ரோமன் டச்சுச் சட்டத்தின்படி, விற்பனை நடந்தாலும் ஏற்கனவே இருக்கும் வாடகை உரிமை தொடரும். வீட்டை வாங்குகிறவர் பழைய வீட்டுக்காரரின் இடத்துக்கு வருகிறார். காசு கொடுக்குமுன் சட்டத்தரணியிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் பேசிப் பார்த்தும் சரிவரவில்லை என்றால்?

அப்போது மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நாடு முழுவதும் இயங்குகிறது. அங்கே சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. இரண்டு பக்கமும் நேரே இருந்து பேச வேண்டும். இணக்கம் வந்தால் எழுத்தில் தருவார்கள். வராவிட்டால், இணக்கம் வரவில்லை என்று சான்று தருவார்கள், அதோடு நீதிமன்றம் போகலாம். பக்கத்து வீட்டுப் பிரச்சினைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஏனென்றால் தீர்ப்புக்குப் பிறகும் இரண்டு பேரும் அதே சுவரின் இரண்டு பக்கமும்தான் படுக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவரை மட்டும் அழைக்காமல் வீட்டுக்காரரையும் சேர்த்து முறையிடுங்கள்.

ஒலிபெருக்கி, பெரிய சவுண்ட் பொக்ஸ் என்று ஊரையே எழுப்பும் சத்தமென்றால் அது வேறு. அதற்கு பொலிஸ் அனுமதி வேண்டும். 1996ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் நகர சபைப் பிரதேசத்துக்குப் பகலில் 63 டெசிபல், இரவில் 50 டெசிபல் என்று எல்லை வைத்திருக்கின்றன. பொதுத் தொல்லையை நிறுத்தும்படி நீதவான் கட்டளையிட, 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் நடுஇரவில் கதிரை இழுக்கும் சத்தத்துக்கு இந்தச் சட்டங்கள் ஓடி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பொலிஸ் ஜீப் ஒரு தடவை ஒழுங்கைக்குள் வந்து போனால், அதற்குப் பிறகு அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் சலாம் இருக்காது.

பள்ளிவாயல் நிருவாகங்களுக்கும் சம்மேளனத்துக்கும் பணிவாக ஒன்று. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007 நவம்பரில் கொடுத்த கட்டளை எங்கிருந்து வந்தது தெரியுமா? வெலிகமவில் நமது பள்ளிவாயல் ஒன்றின் ஒலிபெருக்கி அனுமதி பற்றிய வழக்கில் இருந்து. பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையில் வந்த அந்தக் கட்டளை பள்ளி, பன்சல, கோயில், தேவாலயம் என்று எல்லோருக்கும் பொதுவாக வந்தது. ஊருக்குள் நாமே பேசித் தீர்க்க முடியாத சத்தம் கடைசியில் நீதிமன்றம் போய் நிற்கும் என்பதற்கு நம் கண் முன் உள்ள உதாரணம் அது. அண்டை வீட்டாரின் உரிமை பற்றிக் குத்பாவில் பேசுகிறோம். அதோடு மஹல்லாவில் வாடகைக்கு இருப்பவர்களையும் பதிந்து, வீட்டுக்காரரின் தொடர்பையும் வைத்துக்கொண்டால், ஒரு போனில் முடியும் பிரச்சினை மனுவாகி மத்தியஸ்த சபை வரை போகாது. வாடகைக்கு இருப்பவர் முஸ்லிமா, தமிழரா, சிங்களவரா என்பது இதில் வரக் கூடாது.

கடைசியாக அந்த மனுக்களைப் பற்றி. "இன்ன வீட்டில் இருப்பவர்களை எழுப்ப வேண்டும்" என்று கையெழுத்துக் கேட்டு வந்தால், கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். அவர்களோடு யாராவது நேரே பேசினீர்களா? வீட்டுக்காரரிடம் சொன்னீர்களா? அவர்கள் போன பிறகு அதே அறைக்கு, அதே சுவரோடு, இன்னும் நாலு பேர் வரமாட்டார்களா? மூன்றுக்கும் பதில் இல்லை என்றால் அந்த மனுவால் சத்தம் நிற்காது. ஒரு குடும்பம் கைப்பிள்ளையோடு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளோடு தவணை நடுவில் வீடு தேடி அலையும், அவ்வளவுதான். அப்படி வீடு மாறி மாறிப் பாடசாலைக்கு வராமல் போகும் பிள்ளைகளை வகுப்பில் நாங்கள் பார்க்கிறோம். சத்தம் ஒரு பிள்ளையின் படிப்பைக் கெடுக்கும் என்று கவலைப்படுகிறவர்கள், மனுவால் இன்னொரு பிள்ளையின் படிப்புக் கெடுவதையும் பார்க்க வேண்டும்.

நமது உம்மாமார் இதே சுவர்களுக்குள், இதைவிடக் குறைந்த இடத்தில், இதைவிடக் கூடிய சத்தத்தோடு வாழ்ந்தார்கள். அவர்களால் முடிந்ததற்குக் காரணம் அந்தப் பக்கம் யார் என்று தெரிந்திருந்தது. அந்தப் பழைய உறவைத் திரும்பக் கொண்டுவர நம்மால் முடியாது. புதிய ஒன்றை ஒரு சலாமில் தொடங்கலாம். இன்றைக்கு அஸருக்குப் பிறகு நேரம் இருந்தால் பக்கத்து வாடகை வீட்டுக் கதவைத் தட்டிப் பெயரைக் கேளுங்கள். சத்தத்தைப் பற்றி அடுத்த கிழமை பேசிக்கொள்ளலாம்.

வல்ல அல்லாஹ் நமக்கு நல்ல அண்டை வீட்டாரைத் தருவானாக. நம்மையும் பிறருக்கு நல்ல அண்டை வீட்டாராக ஆக்குவானாக. ஆமீன்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். யாருடைய பெயரையும், வீட்டையும், ஒழுங்கையையும் குறிப்பிடாமல் எழுதுங்கள். வாடகைக்கு இருப்பவர்களும் வாசிக்கிறார்கள்.